மூக்கருகே ஓர் ஆறு

ஆற்றுநீர் நகரத்துக் குழாய்களுக்குப் போகும் மதகடியில், ஸல்மியா கண்களை மூடிக் கண்ணாடிக் குடுவையை மூக்கருகே கொண்டுபோகிறாள். வாசனை எழும்பச் சற்றே சூடாக்கிய ஆற்றுநீர். காலை வெயில் அதில் புகுந்து அவள் கன்னத்தில் நடுங்குகிறது. மதகின் பொத்தானருகே நிற்கும் பட்ருல் இருமலைக்கூட அடக்கிக்கொள்கிறான். நீரை முகர்ந்து சோதிப்பதே அவள் வேலை; இந்த மூக்குக்காக அவள் அத்தர் பூசுவதில்லை. "நேத்து வீடே அந்த நாத்தம்புடிச்ச டுரியான் பழம் சாப்பிட்டுச்சு, நான் கதவச் சாத்திட்டுப் படுத்துட்டேன்" என்று சற்றுமுன்தான் சொன்னாள். அவள் புருவம் நெளிகிறது. மறுபடி முகர்கிறாள். "பெயிண்ட் தின்னர் வாசம். ஆத்துக்கு மேல எவனோ பீப்பாய் கழுவி விட்டிருக்கான்." பட்ருல் நீரைச் சோதிக்கும் கருவியைப் பார்க்கிறான், பச்சை விளக்குதான் எரிகிறது. "இது ஒண்ணும் சொல்லலையேக்கா. நாலு லட்சம் வீட்டுக்குத் தண்ணி நின்னுடும்." அவள் கண்ணைத் திறக்கவில்லை. "மூடுடா." அவன் விரல் தானாக அழுத்துகிறது. இரும்புக் கதவு முனகியபடி இறங்க, ஆறு அதில் மோதிப் பழுப்பாய்ச் சுழன்று திரும்புகிறது. ஆற்றில் வரும் விஷம் இத்தனை சின்ன மூக்கைத் தாண்ட முடியவில்லையே என்று அவனுக்கு மயிர்க்கூச்செறிகிறது. கதவு அடித்தரையைத் தொட்ட பிறகு, கருவியில் விளக்கு சிவக்கிறது. அதற்குள் ஸல்மியா குடுவையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டிருக்கிறாள்.