ஹோபர்ட்டின் நம்பர் பிளேட்

"வண்டி ஐடிலிங்ல இன்னும் லேசா விக்குது தம்பி. கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற ஜெட்டை ஒரு சைஸ் பெருசாக்கு. பிளேட் வாங்க ஆபீசுக்கு அடுத்த சனிக்கிழமை போயிக்கலாம்," என்றார் ஹோபர்ட்.

ராய்ஸ் ஸ்பானரைத் தரையில் போட்டான்.

"அண்ணே, இது நாலாவது ஜெட். இதுக்கு மேல பெருசாக்கினா பெட்ரோலை வாளியிலதான் ஊத்தணும்."

சீனாவிலிருந்து மரப்பெட்டியில் வந்து இறங்கிய மண்பாதை பைக் அது. பெட்டி நேராக ராய்ஸின் கடைக்கே வர வேண்டும் என்று ஹோபர்ட் பிடிவாதமாகச் சொல்லியிருந்தார். கூடவே வந்த கார்புரேட்டர், காலையில் உதைத்தால் மதியம்தான் கண் விழிக்கும். அதைக் கழற்றிக் கடாசிவிட்டு ஜப்பான் கார்புரேட்டர் ஒன்றை மாட்டினான் ராய்ஸ். தார் ரோட்டில் ஓட்ட வேண்டுமே என்று இண்டிகேட்டர், கண்ணாடி, ஹாரன், பிரேக் லைட் எல்லாம் வைத்தான். ஷெரீப் ஆபீஸ் ஆள் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துக் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனார். இனி வண்டிகளைப் பதிவு செய்யும் கவுண்டி ஆபீஸ் கவுன்ட்டரில் காகிதங்களைக் கொடுத்து நம்பர் பிளேட் வாங்க வேண்டியதுதான் பாக்கி. அதற்குத்தான் மனிதர் நகர மாட்டேன் என்கிறார்.

ராய்ஸுக்கு இது வாழ்வா சாவா பிரச்சினை. ஒஹாயோவை விட்டு இந்தக் கென்டக்கி மலைக்குள் வந்து கடை போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஹோபர்ட்டோடு மர மில்லில் வேலை செய்யும் பாதிப் பேர் வீட்டுக் கொட்டகையில் இதே மாதிரி பைக் ஒன்று பிளேட் இல்லாமல் தூங்கிக்கொண்டிருக்கிறது. ஹோபர்ட் வண்டிக்கு பிளேட் கிடைத்தால் அத்தனையும் இவன் கடைக்கு வரும். கிடைக்காவிட்டால் மாமனாரின் மெத்தைக் கடையில் போய் மெத்தை தூக்க வேண்டியதுதான்.

"மில்லுல பந்தயமே கட்டியிருக்காங்கண்ணே, நீங்க அந்தக் கவுன்ட்டருக்குப் போவீங்களா மாட்டீங்களான்னு. சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க. என் வேலை மேல நம்பிக்கை இல்லையா உங்களுக்கு?"

"உன் வேலை தங்கம்டா. அந்தக் கவுன்ட்டர்ல இருக்குற பொம்பளையை உனக்குத் தெரியாது, நீ ஊருக்குப் புதுசு. கண்ணாலேயே ஆளை உரிச்சு உப்புத் தடவிரும்."

"போயும் போயும் ஒரு கிளார்க்குக்கா இப்படி நடுங்குறீங்க?"

ஹோபர்ட் பேச்சை மாற்ற, கொண்டுவந்த சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். பொரித்த கோழி, சோள ரொட்டி, பீச் பழப் பணியாரம். ஒவ்வொரு சனிக்கிழமையும் பத்துப் பேர் சாப்பிடுகிற அளவுக்கு எடுத்து வருவார். ராய்ஸின் கோபம் இரண்டாவது கோழிக்காலோடு இறங்கிவிடும்.

"அக்காவை ஒரு நாள் நேர்ல பார்த்துக் கும்பிடணும்ணே."

"வேண்டாம் வேண்டாம்! அவளுக்குக் கூச்சம் ஜாஸ்தி," என்று பதறினார் ஹோபர்ட்.

இன்று ராய்ஸ் விடுவதாக இல்லை. பைக்கைப் பிக்கப் வண்டியில் ஏற்றினான், ஹோபர்ட்டையும் ஏற்றினான். ஆபீஸ் சனிக்கிழமை அரை நாள் உண்டு.

ஆபீஸ் வாசலில் நின்று கண்ணாடிக் கதவு வழியே எட்டிப் பார்த்த ஹோபர்ட்டின் முகம் மலர்ந்தது. "அந்தப் பொம்பளை இல்ல, கிழவர்தான் இருக்காரு! ஓடியா, ஓடியா!"

காகிதங்களைக் கவுன்ட்டரில் வைத்ததுதான் தாமதம், கிழவர் காபி குடிக்க எழுந்து போனார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஓர் அம்மாள் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஷூ கயிறு கட்டக் குனிந்த ஹோபர்ட் நிமிரவே இல்லை.

அவள் காகிதத்தைப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"ஹோபர்ட் கோம்ப்ஸ். ஆள் எங்க?"

"கீழதாம்மா இருக்காரு. கயிறு கட்டுறாரு."

"வண்டியை எங்க வச்சு வேலை பார்த்தீங்க?"

"என் கடையிலதாம்மா. நாலு மாசமா."

கீழிருந்து ஒரு கை ராய்ஸின் கால்சட்டையைப் பிடித்து இழுத்தது. இன்னும் நன்றாக எடுத்துச் சொல்லச் சொல்கிறார் போலிருக்கிறது என்று ராய்ஸுக்கு உற்சாகம் பொங்கியது.

"ஒரு சனிக்கிழமை தவற மாட்டாரும்மா. காலையில வந்தா இருட்டினப்புறம்தான் போவாரு. கார்புரேட்டர் மட்டும் நாலு தடவை பிரிச்சு மாட்டியாச்சு."

"சனிக்கிழமைதோறுமா?"

"ஆமாம்மா. எனக்கும் சேர்த்து சாப்பாடு வேற கொண்டாருவாரு. பொரிச்ச கோழி, பீச் பணியாரம்... அவர் வீட்டம்மா கைக்குத் தங்கக் காப்பு போடணும்!"

கால்சட்டையை இழுத்த கை சோர்ந்து விழுந்தது.

அவள் காகிதங்களை ஒன்றாக அடுக்கினாள். பிறகு முத்திரையை எடுத்து டொம்மென்று குத்தினாள். புத்தம் புது நம்பர் பிளேட்டை அவன் பக்கம் தள்ளினாள். "காகிதத்துல ஒரு குறையும் இல்ல தம்பி. வேலை சுத்தம்."

ராய்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. மெத்தைக் கடை இனி இல்லை.

அவள் எழுந்து கவுன்ட்டருக்கு மேலாகக் கீழே எட்டிப் பார்த்தாள்.

"எந்திரிய்யா. அந்தக் கோழி, சர்ச் கூரையைச் செப்பனிடப் போறேன்னு நீ சொன்னியே, அங்க உன்கூட வேலை செய்யுற ஆளுங்களுக்குன்னு நான் சனிக்கிழமை சனிக்கிழமை விடியுறதுக்கு முன்ன எழுந்து பொரிச்சுக் குடுத்தது. ஞாயித்துக்கிழமையானா சர்ச்சுல மழைத்தண்ணி ஏன் என் தொப்பி மேலயே சொட்டுதுன்னு இப்பத்தான் புரியுது. பைக் சாவியை இங்க வை. ஆபீஸ் மூடினதும் நான் அதுல வீட்டுக்குப் போறேன், நீ ஏணியைத் தூக்கிக்கிட்டு சர்ச்சுக்குப் போ!"