நடு வயலில் ஒரு படம்

வெயில் வயலை வெளுத்துப் போட்டிருக்கிறது. வரப்பில் நிற்கும் அவளுக்கு அழுகை வரவில்லை, கொட்டாவிதான் வருகிறது. வறட்சி நிவாரணத்துக்காகச் சேதம் பார்க்க வந்த அதிகாரி கைப்பேசியைத் தூக்கிப் பிடிக்கிறார். "நடு வயல்ல போய் நில்லுங்கண்ணே. ஆளும் காஞ்ச பயிரும் ஒரே படத்துல இருந்தாத்தான் மேல ஒத்துக்குவாங்க." அவள் புருஷன் தலையாட்டிவிட்டு, சோள வரிசைகளுக்கு இடையில் அடி பார்த்து வைத்துப் போய் நிற்கிறான், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்கிறான். படத்தில் முகம் இருட்டடிக்கிறது என்று அதிகாரி குறுக்கே இறங்கி நடக்கிறார். செருப்புக்கடியில் காய்ந்த சோளத் தட்டைகள் மொறுமொறுவென்று நொறுங்குகின்றன. "சார், பாத்து! பயிரு, மிதிச்சிராதீங்க!" அவள் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. புருஷன் திரும்பிப் பார்க்கவில்லை. தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் அதிகாரி அப்படியே நிற்கிறார்.