காணாமல் போன பலகைகள்

“வால்நட் மரத்துல ரெண்டு பலகை குறையுது. எங்கே போச்சு?”

அக்காவின் குரலில் தீர்ப்பே இருந்தது.

தம்பி உளியைத் தீட்டிக்கொண்டிருந்தான். “கணக்கு தப்பியிருக்கும்க்கா.”

“எனக்கா? ஒவ்வொண்ணையும் தட்டிப் பார்த்து இறக்கினவ நான்.”

பட்டறை நடுவில் அந்த இழுப்பறை அலமாரி நின்றது. பழங்கால மாளிகைகளில் இருப்பதைப் போலவே. ஆணி கிடையாது, மெஷின் கிடையாது. பலகை முனைகளில் புறாவால் போல விரியும் பற்களை அக்கா அறுப்பாள். கோத்து ஒட்டுவது தம்பி. மறுநாள் காலை வண்டி வந்துவிடும். கடைசி இழுப்பறை இன்னும் ஒட்டவில்லை. அக்காவுக்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை.

“இந்த லைட்டை மாத்துன்னு எத்தனை தடவை சொல்றது? போட்ட கோடே தெரியல!”

“போன வாரம்தானே...” என்று ஆரம்பித்தவன், “வேற மாட்டறேன்க்கா” என்று முடித்துக்கொண்டான்.

“நான் வீட்டுக்குப் போனப்புறம் இங்கே உனக்கென்னடா வேலை? உன் பொண்டாட்டி கேட்ட கண்ணாடி மேஜை ஜம்முனு தயாராயிடுச்சா?”

“அவளுக்கு பிளைவுட்டே ஜாஸ்தி.”

அக்கா சிரிக்கவில்லை.

“கூடப் பிறந்தவனாச்சேன்னு பொறுத்துக்கிட்டேன். சாவியை வச்சிட்டுக் கிளம்பு. இனிமே இந்தப் பக்கம் வராதே.”

அவன் உளியைக் கீழே வைத்தான். சாவியை மேஜைமேல் வைத்தான்.

“பசை சூடாகலை. அடுப்புக்கு மட்டும் கட்டை போட்டுட்டு...”

“எனக்குக் கை இல்லையா? போடா!”

அவன் நகர்ந்ததும், அடுப்பில் போட, மேஜைக்கடியில் இருந்த கழிவுக்கட்டை மூட்டையை ஆத்திரமாக இழுத்தாள். மேலே சில்லுகள். அடியில் கை விட்டால் கனமாக ஏதோ இடறியது.

வால்நட்!

‘ஒளிச்சா வச்சிருக்கே, திருட்டுப் பயலே!’

மூட்டையைக் கவிழ்த்தாள். இழுப்பறை முகப்புகள். இரு முனையிலும் பற்கள் அறுத்தவை. உள்பக்கத்தில் பென்சில் சுழி. தான் அறுத்த பலகையில் எல்லாம் அவள் போடும் சுழி.

ஒன்றை, இன்னும் ஒட்டாத இழுப்பறையின் பக்கப்பலகையோடு கோத்துப் பார்த்தாள். லொடலொடவென்று ஆடியது. இடுக்கில் விரல்நகம் முழுசாக உள்ளே போனது.

அலமாரியிலிருந்து ஒரு இழுப்பறையை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணுக்கு நெருக்கிப் பிடித்தாள். மூலையில் மயிரிழை நுழைய இடமில்லை. உள்ளே அதே சுழி.

இல்லை, அதே சுழி இல்லை. வால் கொஞ்சம் கோணியிருந்தது. யாரோ பார்த்துப் பார்த்து வரைந்த சுழி.

தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு இன்னும் வாசலிலேயே நின்றான்.

“அந்த லைட்தான் சரியில்லைக்கா,” என்றான்.