இருபதும் இருபத்தொன்றும்

“என்ன மிஸ், எங்க டிவிஷன்ல நாப்பத்து மூணு குடும்பத்துக்கும் ஒண்ணாம் நம்பர் போட்டிருக்கீங்க? காலையில இருந்து ஆளாளுக்கு போன் போட்டு எனக்கு நன்றி சொல்றாங்க!”

நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார் தலைவர். தேயிலைத் தோட்டத்தில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நிஷாந்தியும் அப்படியே.

நோர்வூட்டில் இருந்த அந்தச் சிறிய தொண்டு நிறுவனத்தில் இணையப் பக்கத்தைக் கவனிப்பது அவள் வேலை. மண்சரிவு அபாயமுள்ள லயங்களில், அந்த வரிசை வீடுகளில், இருப்பவர்களுக்காக இருபது வீடுகள் தயாராகியிருந்தன. ஆபத்து அதிகம் உள்ளவர்கள் முதலில் என்று தோட்டக் குழு எழுதிக்கொடுத்த பட்டியலை நேற்றுத்தான் ஏற்றியிருந்தாள்.

திரையைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கும் ஒன்று, ஒன்று, ஒன்று.

“குடும்பத்துக்கு நம்பர், அதுக்குள்ள ஆளுங்களுக்கு அ, ஆ, இ. அந்த ஆளுங்க பேரை நான் உள்ள தள்ளி அடிக்கல தலைவரே. அதனால ஒரு குடும்பம் முடிஞ்சதும் பட்டியலே முடிஞ்சிருச்சுன்னு கம்ப்யூட்டர் நெனைச்சு, அடுத்ததுக்குத் திரும்ப ஒண்ணுல இருந்து ஆரம்பிக்குது.”

“அப்ப உள்ள தள்ளுங்க.”

ஆட்களின் பெயர் இருந்த ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நான்கு இடைவெளி விட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்காக இறங்கிய எண்கள், எட்டாவது குடும்பத்தில் மறுபடி ஒன்றாயின. தேடினால், நடுவே ஒரு வரி தள்ளாமலே நின்றது. அதையும் தள்ளினாள். நாற்பத்து மூன்று வரை சரியாக வந்தது.

தலைவர் திரையில் விரல் வைத்து மெதுவாகப் படித்துக்கொண்டே வந்தார்.

“இருபதையும் இருபத்தொண்ணையும் மாத்தணும் மிஸ்.”

நிஷாந்தி குழுவின் தாளை எடுத்துப் பார்த்தாள். “இதுலயும் இருபது வீரய்யா, இருபத்தொண்ணு பேச்சியம்மாதான். நம்பர் சரியா இருக்கு.”

“இது எழுதுனப்ப பேச்சியம்மா வீட்டுச் செவரு நல்லா இருந்துச்சு. போன வாரத்து மழையில வெடிச்சிருச்சு.”

“அவங்க உங்க சொந்தமா?”

“இல்ல. லயத்துல பக்கத்து காம்பராவுல இருக்காங்க.”

நிஷாந்தியின் முகம் மாறியது. இருபத்தொன்று என்றால் இப்போதைக்கு வீடு இல்லை. அடுத்த வீடுகள் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

“இருபதுக்குள்ள யாரு இருக்காங்கன்னு பாருங்க. வீரய்யாவோட சம்சாரம், ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. சின்னதுக்கு மூணு வயசு. இவங்களக் கீழ தள்ளச் சொல்றீங்களா?”

“மூணு இல்ல மிஸ். நாலு முடிஞ்சிருச்சு.”

“எத்தன வயசா இருந்தா என்ன? ஒருத்தரோட வீட்ட இன்னொருத்தருக்குக் குடுக்க நீங்க யாரு தலைவரே? வீரய்யா சம்மதம்னு எழுதிக் கையெழுத்து போடணும். அதுவும் என் முன்னால. அப்பத்தான் மாத்துவேன்.”

தலைவர் கோபப்படவில்லை. “ஒரு தாள் குடுங்க” என்றார்.

நின்றபடியே மேசையில் குனிந்து நான்கு வரி எழுதினார். எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, அடியில் நிதானமாகக் கையெழுத்திட்டார்: க. வீரய்யா.