கண்டிப்போன கை

"ஆர் இஞ்சை கிளடிஸ்?"

சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஜூடோ மெத்தையில் ஏறி நின்றார் சண்முகநாதன்.

1997 கோடை. புலம்பெயர்ந்த தமிழர் நிறைந்த வோபர்னில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பெண்களுக்கான சனிக்கிழமை வகுப்பு. வெள்ளை உடுப்பில் நின்ற எல்லாரும் திரும்பினார்கள்.

"நான்தான் அண்ணை," என்றாள் கறுப்புப் பட்டி கட்டியிருந்தவள்.

"நான் யோகராணியின்ர தமையன். விட்பியிலையிருந்து வாறன். நேற்று ஒரு பிறந்தநாள் வீட்டிலை அவளின்ர கையைப் பாத்தன். தோளிலையிருந்து முழங்கை மட்டும் நீலம் பாரிச்சுக் கண்டிப்போய்க் கிடக்கு. நீ மனிசியோ, மிருகமோ?"

கிளடிஸ் அவரருகே வந்தாள்.

"கேட்டா அவள் வாய் திறக்கிறாளில்லை. அவளின்ர புருசன், என்ர மச்சான்தான் சொன்னார், ஜூடோவிலை தூக்கித் தூக்கி எறியினமாம். பாவம், அந்த மனிசன் தானே எண்ணெய் பூசி விடுறாராம். அவளுக்கு விருப்பம், பழகட்டும் எண்டு பொறுத்துக்கொண்டிருக்கிறார். நானெண்டா எப்பவோ பொலிசுக்குப் போயிருப்பன்!"

"அண்ணை, ஒருக்கா வெளியிலை வாங்கோ, கதைப்பம்."

"ஏன் வெளியிலை? எல்லாருக்கும் முன்னாலை சொல்லு! ஜப்பான்காரன்ர அடிபிடியைக் காட்டி எங்கட பொம்பிளைப் பிள்ளையளை முடமாக்கவோ வகுப்பு வைச்சிருக்கிறாய்?"

ஒரு மாணவிக்குப் பொறுக்கவில்லை. "அங்கிள், யோகராணி அக்கா இஞ்சை..."

"துர்க்கா!" கிளடிஸ் அதட்டினாள். "எல்லாரும் போய் உடுப்பை மாத்துங்கோ. இண்டைக்கு இவ்வளவும் காணும்."

கடைசிப் பெண் போகும்வரை அவர் திட்டிக்கொண்டே நின்றார். அத்தனையையும் கேட்டுக்கொண்டு நின்ற கிளடிஸ், கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"என்ன, அவையளுக்கு முன்னாலை மறுமொழி சொல்ல வெக்கமோ?"

"என்னைப் பற்றி அவையள் என்ன நினைச்சாலும் பரவாயில்லை. யோகராணியைப் பற்றி ஊர் முழுக்கக் கதைக்கக் கூடாது."

"என்ன கதை?"

"அவ பனிக்காலத்திலை கொஞ்ச நாள்தான் வந்தவ, அண்ணை. உங்கட மச்சான் வாசல்லை வந்து நிண்டு, கையிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு போனவர். அதுக்குப் பிறகு அவ இந்தப் பக்கம் வரவேயில்லை."