நடு மூட்டில் அறுபது கிலோ

செம்மநத்தம் காப்பிக் குடோனின் புது இரும்புக் கூரையை, ஏற்காட்டு அலுவலகத்தில் இன்ஜினியர் பானு சரிபார்த்துக்கொண்டிருந்தாள். கைக்கணக்கு சரியாக வந்தது. கணினியில் மட்டும், கூரைக் கம்பிகள் சேரும் நடு மூட்டில் அறுபது கிலோ எடை ஒன்று தொங்கிக் கீழே இழுத்தது. அந்த எடையை அவள் பதியவில்லை. அழித்தாலும் திரும்ப வந்தது.

குடோனில் தனியாக இருந்த வெல்டர் வேடியப்பனைப் போனில் அழைத்தாள்.

"ஏனுங்கண்ணா, கூரை நடுவுல ஏதாச்சும் தொங்குதுங்களா?"

"தகரம் ஏத்துன கயிறு மட்டுந்தானுங்க மேடம். நுனியில ஒண்ணுமில்லீங்க. ஆனா வெறப்பா நிக்குதுங்க."

"தொட்டுராதீங்க."

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் அறுபது பூஜ்யமானது.

"மேடம், கயிறு தொய்ஞ்சிருச்சுங்க," என்றார் வேடியப்பன். "கீழ சிமெண்டுத் தூசியில காலடி விழுதுங்க... எம்பக்கமா."