நீல மூடி

பயிற்சி அறையின் தரையில் உட்கார்ந்திருந்த குழந்தைக்கு மூன்று வயது. எங்களைப் போன்ற புது ஆராய்ச்சியாளர்கள் பழகுவதற்காக, என்றோ படம் பிடித்து வைத்த ஒரு நிஜக் குழந்தையிலிருந்து கணினி உருவாக்கிய நகல் அவள். அவள் பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். மூன்று சிவப்பு, ஒரு நீலம், மறுபடி மூன்று சிவப்பு.

அந்த வரிசை எனக்குத் தெரியும். சின்ன வயதில் நான் அப்படித்தான் அடுக்குவேன்.

"நீலத்தை எடுங்க, தமயந்தி. என்ன செய்றாள்னு பாத்துக் குறிச்சுக்கோங்க," என்றார் எங்களுக்குப் பயிற்சி தரும் ஹெலன் மேடம். "பாவம் பாத்துத் திருப்பிக் கொடுத்தா மார்க் போயிடும். ஒவ்வொரு தடவையும் எல்லாத்தையும் அழிச்சிடறோம். அவளுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது."

எடுத்தேன். அவள் அழவில்லை. தன் இடது மணிக்கட்டைக் கடித்தாள். சட்டைக் கைக்குள் என் பழைய தழும்பு சுருக்கென்றது.

"ஏம்மா அத்தனை பேர் வந்து என் மூடியை எடுத்தாங்க?" என்று அம்மாவிடம் அப்போதெல்லாம் கேட்பேன்.

"ஒரே ஒரு டாக்டரம்மாதான்டி கேமராவோட வந்தாங்க. அதுவும் ஒரே ஒரு நாள்," என்பாள்.

நான் நம்பியதே இல்லை. எனக்கு ஞாபகம் இருந்தது எத்தனையோ கைகள். மோதிரம் போட்ட கை, நகம் கடித்த கை, மருதாணிக் கை.

திரும்பிப் பார்த்தேன். பின்னால் தங்கள் முறைக்காக இருபத்தோரு பேர் வரிசையில் நின்றார்கள். முதலில் நின்றவளின் கையில் மருதாணி.

குழந்தை என்னிடம் கையை நீட்டினாள். கொடுத்துவிடலாம் என்று குனிந்தேன். அப்போதுதான் உறைத்தது: அந்தக் கைகளில் ஒன்றுகூட எனக்கு மூடியைத் திருப்பித் தந்ததில்லை.